நாற்காலி உண்டு, உட்கார்ந்தால் அபராதம்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் வாங்க வந்தவர்கள் என்று பார்த்தால் நானும் இன்னொரு குடும்பமும்தான். சுடிதார் செக்‌ஷனில் ஒன்பது பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் வலது காலைச் செருப்பிலிருந்து உருவி இடது கணுக்காலின் மேல் வைத்திருந்தார். சற்று நேரத்தில் கால் மாறியது. கவுன்ட்டருக்கு அடியில் நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல்கள் நான்கு, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. மேல் ஸ்டூலில் துணி சுற்றி வந்த அட்டைகள் குவிந்து கிடந்தன. "ஆளே இல்லையேம்மா, கொஞ்சம் உட்காரலாமே" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் தூணின் மேலிருந்த கேமராவைப் பார்த்தார். "பரவால்ல சார், பழகிருச்சு."

இடம் இருந்தது, ஸ்டூல் இருந்தது, நேரமும் இருந்தது. சட்டமும்தான்.

இப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் நமக்குச் சட்டென்று வாயில் வருவது, "இவங்களுக்கு லாபம் ஒண்ணுதான் குறி" என்பது. எனக்கும் அன்று அதுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்த விளக்கம் பிடிபடாமல் நழுவியது. காலியான மாடியில் ஒரு பெண் பத்து நிமிடம் உட்கார்ந்தால் முதலாளிக்கு எத்தனை ரூபாய் நஷ்டம்? அதை யாராவது எப்போதாவது கணக்குப் போட்டிருக்கிறார்களா? லாபத்தின் பெயரால் செய்யப்படும் அநியாயங்களில் எத்தனை உண்மையிலேயே லாபம் தருகின்றன என்ற கேள்விக்கு இந்த ஸ்டூலைவிடத் தெளிவான சோதனைப் பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. வேலை நேரம், வார விடுமுறை, விடுப்பு எல்லாம் அதில் உண்டு. உட்காருவது பற்றி அப்போது ஒரு சொல்லும் இல்லை. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு நேர்ந்தால் அதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவும், வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலையைத் தவிர்க்கவும் அது உதவ வேண்டும் என்பது அதன் சாரம். 2019 செப்டம்பரிலேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இந்த யோசனையை ஏற்றிருந்தது. அதே 2019-இன் மே மாதத்தில்தான் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அரசாணை வந்தது. கடை இரவு முழுக்கத் திறந்திருக்க ஓர் அரசாணை போதுமாக இருந்தது. ஸ்டூலுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆயிற்று.

இரண்டு ஆண்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. உண்மையான தாமதம் 73 ஆண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்தாக வேண்டிய தொழிலாளர் எல்லோருக்கும் இருக்கை ஏற்பாடு வேண்டும், வேலையின் போக்கில் ஓய்வுக்கு வாய்ப்பு நேரும்போது அவர்கள் உட்கார அது உதவ வேண்டும் என்று சொல்லிவிட்டது. 22-ஏ பிரிவின் சொற்கள் பெரும்பாலும் அதை ஒத்தவைதான். மில்லில் தறியின் முன் நிற்பவருக்குச் சுதந்திரம் வந்த மறு ஆண்டே கிடைத்த ஒன்று, அந்தத் தறியில் நெய்த துணியை விற்பவருக்கு 2021 வரை கிடைக்கவில்லை. எந்திரம் இருக்கும் இடத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். கடையோ ஏசி போட்ட, வாசனை தெளித்த, வெளிச்சமான இடம். அங்கே என்ன கஷ்டம் என்ற நினைப்புதான் இந்த இடைவெளிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை இயக்குநர் வசந்தபாலன் 'அங்காடித் தெரு'வாகத் திரைக்குக் கொண்டுவந்த 2010-இல், அந்தத் தெருவுக்கு வாராவாரம் போய்வந்தவர்களுக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

கடையில் உட்காருவதற்கான போராட்டத்துக்கு வயது இந்த 73 ஆண்டைவிட அதிகம். 1890 வாக்கில் நியூயார்க்கில் ஆலிஸ் வுட்பிரிட்ஜ் என்ற பெண், தானே கடையில் வேலை பார்த்தவர், விற்பனைப் பெண்களின் நிலை பற்றி விசாரித்து அறிக்கை எழுதினார். கடைகளில் பெண்களுக்கு இருக்கை போட வேண்டும் என்ற சட்டம் அந்த மாநிலத்தில் அப்போதே இருந்தது. பெரும்பாலான கடைகள் அதைச் சட்டை செய்யவில்லை என்று அவர் கண்டார். இன்னொன்றையும் கண்டார். ஒரு கடை சட்டத்துக்குப் பணிந்து இருக்கைகளைப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்தால் அபராதம். சட்டம் கேட்டது இருக்கை, கடை இருக்கையைக் கொடுத்துவிட்டது! எந்த ஆய்வாளர் வந்து எண்ணினாலும் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

அந்த அறிக்கையின் விளைவாக 1891-இல் ஜோசபின் ஷா லோவெல் தலைமையில் நியூயார்க் நுகர்வோர் சங்கம் உருவானது. அவர்கள் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை; மாறாக 'வெள்ளைப் பட்டியல்' ஒன்று வெளியிட்டார்கள். ஊழியரை ஒழுங்காக நடத்தும் கடைகளின் பெயர் மட்டும் அதில் வரும். பெயர் வந்த கடையில் வாங்குங்கள் என்றார்கள். எது 'நியாயமான கடை' என்பதற்கு அவர்கள் வகுத்த அளவுகோலில் கூலி, வேலை நேரம், மனிதத்தன்மையோடு நடத்துவது ஆகியவற்றோடு இருக்கைகளும் வந்தன. வுட்பிரிட்ஜ் பார்த்ததை மறக்காமல், இருக்கை இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்த அனுமதி இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பட்டியலில் இடம் பிடித்தவை மிகச் சில கடைகளே.

பிரிட்டனும் இதே பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது, இன்னும் நிதானமாக. 1899-இல் அங்கே கடைப் பெண்களுக்கான இருக்கைச் சட்டம் வந்தது: மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை. கணக்கு மட்டும்தான். 1963-இல் அலுவலகங்கள், கடைகள், ரயில்வே வளாகங்களுக்கான சட்டம் இயற்றியபோது, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரங்களில் இருக்கையைப் பயன்படுத்த அனுமதிப்பது முதலாளியின் கடமை என்று தனியாக ஒரு வரி எழுதினார்கள். சட்டம் பொருளிலிருந்து வினைச்சொல்லுக்கு நகர்ந்திருந்தது. மறு ஆண்டு, 1964-இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 120-ஆம் உடன்படிக்கை இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது: போதுமான இருக்கைகள் வேண்டும், அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் வேண்டும்.

நம் 22-ஏ இதில் எங்கே நிற்கிறது? 'வாய்ப்பு நேர்ந்தால்' என்கிறது. வாய்ப்பு நேர்ந்துவிட்டதா இல்லையா என்று முடிவு செய்வது யார் என்று அது சொல்லவில்லை. சட்டம் சும்மா விட்ட இடத்தில் ஃப்ளோர் மேனேஜர் வந்து நின்றுகொள்கிறார்.

கேரளத்தில் இந்த விஷயம் கழிப்பறையிலிருந்து தொடங்கியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜி, கடைப் பெண்களைத் திரட்டி 2009-இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது சிறுநீர் கழிக்க ஓர் இடம். தண்ணீர் குடிக்காமல் இருந்தே நாளை ஓட்டிய பெண்கள் அவர்கள். உட்காரும் உரிமை அதைத் தொடர்ந்து வந்த கோரிக்கை. 2014 டிசம்பரில் திருச்சூரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் ஆறு பெண்கள் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டி நடந்த அந்தப் போராட்டத்துக்கு மலையாளத்தில் 'இரிக்கல் சமரம்', உட்காரும் போராட்டம், என்றே பெயர் நிலைத்தது. உள்ளே உட்கார விடாதவர்களின் வாசலிலேயே உட்கார்ந்து நடத்திய போராட்டம். பெரிய தொழிற்சங்கங்கள் தொடக்கத்தில் இதைப் பொருட்படுத்தவில்லை. கூலி உயர்வு, போனஸ் என்று பேசிப் பழகியவர்களுக்கு நாற்காலி ஒரு கோரிக்கையாகவே தெரிந்திருக்காது. 2018-இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது. தமிழ்நாடு அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் எழுதியது. அந்தப் போராட்டம் நம் ஊரில் நடக்கவில்லை. சட்டம் தாளில் வந்தும் கால் தரையிலேயே இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். தெருவில் உட்கார்ந்து வாங்கியவர் கடைக்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். வாங்கிக் கொடுக்கப்பட்டவர் கேமராவைப் பார்ப்பார்.

இனி லாபக் கணக்குக்கு வருவோம்.

உலகிலேயே காசுக்குக் கறாரான கடை எது என்று சில்லறை வணிகம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஜெர்மனியின் ஆல்டியைச் சொல்லக்கூடும். அட்டைப் பெட்டியைக் கிழித்து அப்படியே அலமாரியில் வைத்து விற்பார்கள். ஆட்கள் குறைவு, அலங்காரம் இல்லை, மிச்சம் பிடிக்க முடிந்த இடத்தில் எல்லாம் மிச்சம் பிடிப்பார்கள். அந்த ஆல்டியில் பில் போடுகிறவர் உட்கார்ந்துதான் பில் போடுகிறார், அமெரிக்கக் கிளைகளிலும்கூட. காரணம் கருணை அல்ல. உட்கார்ந்தால் வேகமாகப் பில் போட முடிகிறது என்பது அந்த நிறுவனமே சொல்லும் விளக்கம். அதாவது நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தவர் நாற்காலி வாங்கினார்.

போடப்படாத இன்னொரு கணக்கு உடம்பில் இருக்கிறது. காலின் ரத்தம் மேலேறி இதயத்துக்குத் திரும்ப, கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதைத் தள்ளிவிட வேண்டும். நடந்தால் தசை இயங்கும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும்; ரத்த நாளங்களின் உள்ளேயிருக்கும் வால்வுகள் அந்த அழுத்தத்தில் நாளடைவில் தளரும். நம் ஊரில் நரம்பு சுருட்டிக்கிச்சு என்பார்கள், டாக்டர் வெரிகோஸ் என்பார். டென்மார்க்கில் வேலை வயதுள்ளவர்களைப் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலும் நின்றோ நடந்தோ வேலை செய்பவர்கள் வெரிகோஸ் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரும் ஆபத்து மற்றவர்களைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு என்று கண்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏழாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்த 2017 ஆய்வில், பெரும்பாலும் நின்று செய்யும் வேலைகளில் இருந்தவர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. நாள் முழுக்க உட்காருவது நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. நிற்க, நடக்க, உட்கார என்று மாறி மாறி இருப்பதைத்தான் உடம்பு கேட்கிறது. கடையில் மறுக்கப்படுவது அந்த மாற்றம்தான்.

இந்தச் செலவு எந்தப் பேரேட்டில் ஏறும்? கடையின் பேரேட்டில் ஏறாது. தென்மாவட்டத்திலிருந்து பதினெட்டு, பத்தொன்பது வயதில் வந்து, கடை ஹாஸ்டலில் தங்கி, நாலைந்து வருஷம் நின்றுவிட்டுக் கல்யாணமாகிப் போகிற பெண்ணின் கால் நரம்பு முப்பத்தைந்து வயதில் சுருட்டிக்கொள்ளும்போது, அது கணவன் வீட்டுச் செலவாகவோ அரசு மருத்துவமனையின் செலவாகவோ இருக்கும். பொருளாதார அறிஞர் கே. வில்லியம் காப் 1950-இல் வெளியிட்ட நூல் முழுக்க முழுக்க இதைப் பற்றியதுதான்: தனியார் தொழில் தன் செலவில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமல் மற்றவர் தோளுக்கு மாற்றிவிடுவது. ஆலைக் கழிவையும் ஆற்றையும் பற்றிப் பேசும்போது நமக்கு இது உடனே புரிகிறது. கெண்டைக்காலும் ஓர் ஆறுதான் என்பது புரிய நேரமாகிறது.

லாபத்தை மட்டுமே பார்ப்பதற்குத் தத்துவ ஆதாரம் கேட்டால் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970 செப்டம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள். தொழிலின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று அதில் அவர் வாதாடியது உண்மை. ஆனால் சமூகத்தின் அடிப்படை விதிகளுக்கு, சட்டத்தில் உள்ளவற்றுக்கும் நெறியாக வழக்கில் உள்ளவற்றுக்கும், உட்பட்டே அதைச் செய்ய வேண்டும் என்ற எல்லையையும் அதே கட்டுரையில் போட்டிருந்தார். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 22-ஏ வந்த பிறகு ஸ்டூலை அடுக்கி வைக்கும் நிர்வாகி ஃப்ரீட்மனுக்கும்கூட நல்ல மாணவர் இல்லை.

அப்படியானால் நிறுத்தி வைப்பது எதற்காக? கடைக்காரர்கள் சொல்லும் பதில், கஸ்டமர் வரும்போது ஆள் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்பது. இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பெரியவர் முன்னால் உட்காருவதா, முதலாளி நிற்கும்போது உட்காருவதா என்ற கேள்விகள் நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஊர்த் திண்ணையில் யார் உட்காரலாம், யார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. நிற்பது நமக்கு வெறும் நிற்பது அல்ல.

ஆனால் இதை வணிக மரபு என்று சொன்னால் நம் பழைய ஜவுளிக்கடை எழுந்து மறுக்கும். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை; கல்லாவில் திண்டில் சாய்ந்து முதலாளி; மெத்தையில் சம்மணம் போட்ட விற்பனையாள்; எதிரே பாயில் கால் நீட்டி உட்கார்ந்து சேலையை மடியில் போட்டுப் பார்க்கும் வீட்டுப் பெண்கள். காஞ்சிபுரம் பட்டுக் கடைகள் சிலவற்றில் இன்றும் இப்படித்தான் வியாபாரம் நடக்கிறது. கல்யாணச் சேலைக்கு அரைநாள் பேரம் பேசிய அந்தக் கடையில் யாரும் மரியாதை கெட்டுப்போனதாகச் சொன்னதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கவுன்ட்டரும் மாடி மேல் மாடியும் லிஃப்ட்டும் வந்தபோதுதான் விற்கிறவர் எழுந்து நின்றார். பழைய சமூகத்தின் நிற்க வைக்கும் பழக்கமும் புதிய கடையின் மேற்பார்வைப் பழக்கமும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

மேற்பார்வை என்பதில்தான் எனக்கு விடை இருப்பதாகப் படுகிறது. ஃப்ளோர் மேனேஜர் முதலாளி அல்ல. அவரும் சம்பளக்காரர், நாள் முழுக்க நிற்பவர். அவருடைய செக்‌ஷன் இன்று எவ்வளவுக்கு ஓடியது என்ற எண் இரவு மேலே போகும். அந்த எண்ணைத் தீர்மானிப்பவை பண்டிகை, சம்பளத் தேதி, மழை, பக்கத்துக் கடையின் ஆடித் தள்ளுபடி. எதுவும் அவர் கையில் இல்லை. கையில் இருப்பது ஒன்றுதான்: ஆட்கள் எப்படித் தெரிகிறார்கள் என்பது. விற்பனை இல்லாத பிற்பகலில் ஒன்பது பேர் விறைப்பாக நின்றால், மேலேயிருந்து கேமராவில் பார்ப்பவருக்கு மேனேஜர் வேலை வாங்குவதாகத் தோன்றும். நாலு பேர் உட்கார்ந்திருந்தால் மேனேஜர் மேல்தான் கேள்வி வரும். அளக்க முடிந்ததை மாற்ற வழியில்லாதபோது, காட்ட முடிந்ததை அவர் இறுக்கிப் பிடிக்கிறார். அவர் காப்பாற்றுவது லாபத்தை அல்ல, லாபத்துக்காக எல்லாம் செய்கிறார் என்ற தோற்றத்தை. அந்தத் தோற்றத்துக்கான விலையைக் கொடுப்பது அந்தப் பெண்ணின் கெண்டைக்கால்.

மேனேஜரைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லாததற்குக் காரணமும் இதுவே. நல்ல மனசுக்காரர் ஒருவரை அந்த இடத்தில் வைத்தாலும், இரவு ஒன்பதரைக்கு மேலே போகும் அதே எண்ணும் தலைக்கு மேலிருக்கும் அதே கேமராவும் ஒரு மாதத்தில் அவரையும் மாற்றிவிடும். விதிவிலக்கான அண்ணாச்சிகள் உண்டு. என் சொந்த ஊரில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை பையன்களை முறை வைத்து உட்காரச் சொல்லும் கடை ஒன்றை எனக்குத் தெரியும். அங்கே முதலாளியே கல்லாவில் இருக்கிறார். கேமராவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வாய்ப்பை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி கலிஃபோர்னியாவில் நேராக நீதிமன்றத்துக்குப் போனது. வேலையின் தன்மை நியாயமாக இடம் கொடுத்தால் தகுந்த இருக்கை தர வேண்டும் என்ற விதி அங்கே முதலில் பெண்களுக்கு இருந்து, 1970-களில் எல்லோருக்கும் ஆனது. பிறகு பல பத்தாண்டுகள் அதைத் தொட்டவர் குறைவு. மருந்துக்கடைச் சங்கிலி ஒன்றின் ஊழியரும் வங்கிக் காசாளர்களும் தொடுத்த வழக்குகள் வழியாக அது மாநில உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நின்று பேசினால்தான் வாடிக்கையாளர் சேவை நன்றாக இருக்கும், அதைத் தீர்மானிப்பது எங்கள் வணிக உரிமை என்றன நிறுவனங்கள். 2016 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, முதலாளியின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அது மட்டுமே முடிவாகாது என்றது. ஓர் ஊழியர் குறிப்பிட்ட இடத்தில் என்னென்ன செய்கிறார், அதை உட்கார்ந்து செய்ய முடியுமா என்று வேலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தகுந்த இருக்கை கிடையாது என்று வாதிட்டால் நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. 2009-இல் தொடங்கிய இன்னொரு வழக்கில் வால்மார்ட், ஏறக்குறைய ஒரு லட்சம் காசாளர்களுக்காக 6.5 கோடி டாலர் தந்து 2018-இல் சமரசம் செய்துகொண்டது. சில்லறை வணிகத்தின் மிகப் பெரிய கணக்குப்பிள்ளைக்குக்கூட ஸ்டூலின் விலை அப்போதுதான் பேரேட்டில் ஏறியது.

நம் 22-ஏ பிரிவு இன்னும் அப்படி ஒரு நீதிமன்றப் பரிசோதனைக்குப் போய் உரம் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை. போகும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. 'வாடிக்கையாளர் இல்லாத செக்‌ஷனில் ஊழியர் உட்காரலாம்' என்று ஒரே வரியில் விதி எழுதி, வாங்க வருகிறவர் கண்ணில் படும்படி தமிழில் ஒட்டச் செய்தால், முடிவு மேனேஜரின் மனநிலையிலிருந்து சுவருக்கு மாறும். நான்கு ஸ்டூலுக்கு ஒன்பது பேர் என்பதும் அப்போது கேள்விக்கு வரும். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி கீழே குனிந்து ஸ்டூலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உட்கார்ந்தவரைப் பிடிக்க வைத்த அதே கேமராவில், போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டாம் மாடியில் பதிவானதைப் போட்டுக் காட்டச் சொன்னால் போதும். ஸ்டூலின் மேல் அட்டை இருந்ததா, ஆள் இருந்தாரா என்று அதில் தெரியும்.